உம்மாவின் தலைசுற்றல்

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு நாள், சுப்ஹுத் தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து தலையை உயர்த்திய என் உம்மா, முஸல்லாவின் மீதே சாய்ந்துவிட்டார்கள். "வீடு சுத்துது வாப்பா, என்னைப் பிடிச்சுக்கோ" என்று கதறினார்கள். வாந்தியும் வந்தது. பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்தாள் என் மனைவி. பக்கத்து வீட்டு மாமி தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

என் அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டில் என் சாச்சாவுக்கும் தலைசுற்றல்தான் வந்தது. ஒரு மருத்துவமனையில் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் பேச்சுக் குழறியது. சிறுமூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு. மூன்றாம் நாள் வஃபாத்தானார்கள்.

ஆகவே, அவசர சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததுமே "உடனே ஸ்கேன் எடுங்கள்" என்றேன். பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் எனக்கு மறுமொழி கூறாமல் உம்மாவிடம், "எப்போது சுற்றுகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது?" என்று கேட்டார். அசையாதிருந்தால் ஒன்றுமில்லை, குனிந்தாலோ, புரண்டு படுத்தாலோ அரை நிமிடம் சுற்றி ஓய்கிறது என்றார்கள் உம்மா. பேச்சையும் பார்வையையும் கைகளையும் சோதித்து, கைப்பிடியாக நடக்கவும் வைத்தார். பிறகு கட்டிலில் அமர்த்தி, தலையை வலப்புறம் பாதியளவு திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். சில வினாடிகளில் உம்மாவின் கண்மணிகள் துடித்துச் சுழன்றன.

"உள்காதில் நம் சமநிலையைக் காக்கும் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கின்றன. ஸ்கேனில் இது தெரியாது" என்றார். அப்படியே தலையை இடப்புறம் திருப்பி, உடலையும் ஒருக்களிக்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நிறுத்தி எழுப்பினார். அமெரிக்க மருத்துவர் எப்ளி 1992-இல் வெளியிட்ட முறையாம் அது. இரண்டாம் முறை செய்தபின் மீண்டும் சாய்த்துப் பார்த்தார், கண்கள் அசையவில்லை. ஊசியுமில்லை, ஸ்கேனுமில்லை.

சாச்சாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அசையாதிருக்கும்போதும் விடாமல் சுற்றினாலோ, பார்வை இரட்டையானாலோ, நாக்குக் குழறினாலோ, நிற்கவே இயலாவிட்டாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த அடைப்பைத் தொடக்கத்தில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே பொதுவான கெடு" என்றவர், "அன்று அவரை நடக்க வைத்துப் பார்த்தார்களா?" என்று கேட்டார்.

சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுபோனோம். சக்கர நாற்காலியிலேயே வெளியே கொண்டுவந்தோம். நடக்கச் சொன்னவர் எவருமில்லை. நானும் சொல்லவில்லை.

உம்மாவின் கவலையோ வேறு. "இனி நாற்காலியிலதான் தொழணுமா டாக்டரம்மா?" "முடியாத நேரத்தில் உட்கார்ந்து தொழுங்கள். மற்றபடி ஸஜ்தா செய்யலாம். மெதுவாக எழுந்தால் போதும். திரும்ப வரக்கூடியதுதான், வந்தால் வாருங்கள்."

அன்றிரவு இஷாவில் உம்மா நெற்றியை நிலத்தில் வைத்தபோது, அருகில் கையை நீட்டியபடி நின்றேன். தலை உயர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், கை தேவைப்படவில்லை.