ஜெயம்

எங்கள் சபையில் 'ஜெயம்' என்ற சொல் வராத ஞாயிறு கிடையாது. பரீட்சையில் ஜெயம், வேலையில் ஜெயம், வியாதியின்மேல் ஜெயம். அப்பா படுக்கையில் கிடந்த நான்கு மாதமும் அதைக் கேட்டுத்தான் ஜெபித்தோம். அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல் வரும்போது மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. அம்மா கவனித்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மறு வருஷம் இருவரும் வத்திக்கான் போனோம். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போகும் வழியில் கான்ஸ்டன்டைன் கூடம். 1520இல் ரஃபேல் இறந்துபோக, அவருடைய மாணவர் ஜூலியோ ரொமானோவும் மற்றவர்களும் 1524இல் முடித்துவைத்த அறை. ஒரு சுவர் முழுக்க மில்வியன் பாலப் போர். ஞாயிறு பள்ளியில் நான் கலர் அடித்த கதைதான். 312ஆம் ஆண்டு, வானத்தில் சிலுவையைக் கண்ட பேரரசன் கான்ஸ்டன்டைன் அந்த அடையாளத்தோடு போய் ஜெயித்தானாம். மறு ஆண்டே கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. அவன் ஞானஸ்நானம் பெற்றது 337இல், சாகும் தறுவாயில் என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

படத்தின் நடுவில் வெள்ளைக் குதிரைமேல் அவன். தலைக்குமேல் வாளேந்திய தேவதூதர்கள். வலப்பக்கம் டைபர் ஆற்றில் மூழ்கும் மாக்சென்டியஸ். அவன் தலையிலும் கிரீடம். ரெண்டு பக்கமும் ரோமப் படைதான். என்னை உறுத்தியது கொடிக்கம்பங்களின் உச்சியில் இருந்த சிலுவைகள். இயேசுவைச் சிலுவையில் அறைந்தது ரோமச் சிப்பாய்கள். முந்நூறு வருஷம் கழிந்ததும் ரோமச் சிப்பாய்களே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விழுந்தவர்களை மிதித்து ஓடுகிறார்கள்.

"ஜெயம்னா இதானாம்மா?" என்றேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா சுவரின் இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கீழே, வயதான வீரர் ஒருவர் செத்துக்கிடக்கும் இளைஞனைத் தூக்குகிறார். சண்டையெல்லாம் அவருக்குப் பின்னால் நடக்கிறது.

"மகனா இருக்குமோ?" என்றார் அம்மா. "பாவம், என்ன கனம் கனக்கும்."

கடைசி மாதங்களில் அப்பாவைக் குளிப்பாட்டத் தூக்கியது அம்மாதான். அந்தக் கிழவர் எந்தப் பக்கத்து ஆள் என்று அவர் கேட்கவே இல்லை. கூட்டம் சிஸ்டைனை நோக்கித் தள்ளியது. நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டோம்.

சபையில் இன்னமும் நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. ஆனால் வீட்டு ஜெபத்தில் அம்மாவும் இப்போது ஜெயம் கேட்பதில்லை.

"தூக்கிக்கிடுங்க ஆண்டவரே" என்கிறார். அதற்கு நான் ஆமென் சொல்கிறேன்.