நல்லி எலும்பு சூப்பும் நூறு நியூட்ரோஃபிலும்

எட்டு வயது மகனுக்கு லுக்கேமியா. கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை வெறும் 100. அம்மாவுக்குக் கை நடுங்கியது. “நல்லி எலும்பு சூப் வெச்சுக் குடும்மா, ரெண்டே நாள்ல ஏறிடும்” என்றார் மாமியார்.

டாக்டரிடம் கேட்டார் அம்மா. அவர் சிரிக்கவில்லை. “சுடச்சுடக் குடுங்க, தப்பில்ல. ஆனா, இது ரெண்டு நாள் வேலை இல்லம்மா” என்று காகிதத்தில் வரைந்து காட்டினார்.

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லில் இருந்துதான் எல்லா வெள்ளை அணுக்களும் பிறக்கின்றன. நியூட்ரோஃபிலாகப் போகிற அணு, முதலில் பெரிய உருண்டைக் கருவோடு இருக்கும். அப்போது அதற்குச் சண்டை போடத் தெரியாது. அடுத்து, கிருமியைக் கொல்லும் ரசாயனம் நிரம்பிய குருணைகள் அதற்குள் சேர்கின்றன. சில நாள்கள் பிரிந்து பிரிந்து பெருகும். பிறகு பெருகுவது நின்று, முதிர்ச்சி தொடங்கும். கரு குழிந்து, லாடம்போல வளைந்து, கடைசியில் மூன்று நான்கு துண்டுகளாகக் கோத்த மணிபோல ஆகிவிடும். இதற்கெல்லாம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும்.

இப்படி முதிராமல், குழந்தை நிலையிலேயே நின்று அணுக்கள் பெருகிக்கொண்டே போவதுதான் லுக்கேமியா. வேகமாகப் பெருகுவதைத் தாக்குவது கீமோ. அதில் நல்ல அணுக்களின் நாற்றங்காலும் சேர்ந்து கருகிவிடுகிறது. மறுபடி விதை முளைத்துத்தான் வர வேண்டும்.

“எண்ணிக்கை 500-க்குக் கீழ இருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா, நடுராத்திரியானாலும் கிளம்பி வந்துடுங்க. மாத்திரை குடுத்துட்டு விடியட்டும்னு காத்திருக்காதீங்க.”

மறுநாள் இரவு பதினொன்றரைக்குத் தெர்மாமீட்டர் 101 காட்டியது. அம்மா யாரையும் யோசனை கேட்கவில்லை, ஆட்டோ பிடித்தார். போன கையோடு நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

பதினைந்தாம் நாள் ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் பெரிதாக ஏறவில்லை. ஆனால், டாக்டரின் விரல் வேறொரு வரியில் நின்றது: மோனோசைட். “இது முன்னாடி தலைகாட்டும். பின்னாடியே அவங்களும் வருவாங்க.”

நான்கு நாளில் வந்தார்கள். எண்ணிக்கை 900.