நிற்கும் நிலை

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பணிபுரியும் என் இளைய மகன், முதல் ஷிப்ட் முடிந்தும் நேரே வீடு திரும்பாத நாட்கள் பெருகின. பொன்னேரியில் பில்லியர்ட்ஸ் மேசைகள் போட்டிருக்கும் அரங்கு ஒன்றிற்கு அவன் போவதாகப் பக்கத்து வீட்டார் சொன்னபோது என் நெஞ்சம் பதைத்தது. அத்தகைய இடமென்றால் புகையும் பணப் பந்தயமும்தான் என்பது என் எண்ணம்.

பிள்ளையை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடும் அவசரம் தந்தையர் பலரிடம் உண்டு. என்னிடமும் இருந்தது. எனினும், நேரில் கண்ட பிறகே பேசுவதென முடிவு செய்து, ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பழவேற்காட்டில் பேருந்து ஏறினேன்.

என்னைக் கண்டு அவன் திடுக்கிட்டான். ஆனால் ஓடி ஒளியவில்லை. “வாங்க வாப்பா, நீங்களும் ஒரு தடவை அடிச்சுப் பாருங்க” என்று கோலை என் கையில் கொடுத்தான்.

கீழே விழுந்த சாவியை எடுப்பவன் போல முதுகை வளைத்துக் குனிந்தேன். இடுப்பு வலித்தது, வெள்ளைப் பந்து எங்கோ ஓடியது. அவன் சிரிக்கவில்லை.

“முதலில் நிமிர்ந்து நின்று, பந்து போக வேண்டிய கோட்டைப் பாருங்க. பிறகுதான் குனியணும்” என்றான். வலது காலை அந்தக் கோட்டின்மேல் வைத்து, பாதத்தைச் சற்றே வெளிப்புறம் திருப்பச் செய்தான். இடது கால் தோளளவு விலகி, சிறிது முன்னே. அதன் முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டுமாம். “முதுகை வளைக்காதீங்க வாப்பா. ருகூவில் இடுப்பிலிருந்துதானே குனியறீங்க?” என்றான். தொழுகையையும் விளையாட்டையும் ஒன்றாக வைக்கலாகாது. ஆயினும் அந்த ஒரு சொல்லில் என் உடல் பாடத்தைப் புரிந்துகொண்டது, வலியும் குறைந்தது.

இரு கால்களோடு, துணியில் ஊன்றிய இடது கையும் சேர்ந்து, முக்காலி போல உடலைத் தாங்குகிறது. கோல் தாடைக்கு நேர் கீழே செல்ல வேண்டும். வலது கை அதை இறுக்காமல், ஒரு குருவியைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். நான் நின்ற பிறகு அவன் என் தோளை மெல்லத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. “இதுதான் சரியான நிலை. ஆளுக்கு ஆள் உயரம் வேறு. வசதிப்படி காலை அகட்டிக்கலாம். குனிந்த பிறகு குறி தப்புன்னு தோணினால், அங்கேயே கையைத் திருத்தக் கூடாது. எழுந்து நின்று மறுபடி தொடங்கணும்.”

இவ்விளையாட்டின் உறவான ஸ்நூக்கர், 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே பிறந்தது. அதன் விதிகள் 1882இல் நம் உதகமண்டலத்து மன்றத்தில் வகுக்கப்பட்டன. 1989இல் ஆசியச் சாம்பியன் ஆனவர் இந்தியாவின் யாசின் மெர்ச்சன்ட். இவையெல்லாம் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மனத்தில் உறுத்திய கேள்வியை இறுதியில் கேட்டேன்: “பணம் வைத்து ஆடுகிறாயா?”

“இல்லை வாப்பா. தோற்றவர் மேசை வாடகையைக் கட்டணும் என்பது இங்கே வழக்கம். அதுவும் பந்தயம் மாதிரிதானே? அதனால் முன்கூட்டியே பாதிப் பாதி என்று சொல்லிவிடுவேன். ஒப்பாதவங்களோடு ஆடமாட்டேன்.”

நான் பேச்சற்று நின்றேன். இந்தச் சிறு விலக்கத்தை அவனுக்கு யாரும் அங்கே கற்றுத் தரவில்லை, கண்காணிக்கவும் ஆளில்லை. தோளைத் தள்ளினாலும் அசையாத நிலை ஒன்றை என் பிள்ளை ஏற்கெனவே கண்டிருந்தான். குனிந்த பிறகு குறி தப்பென்று உணர்ந்து, எழுந்து நின்று மறுபடி தொடங்க வேண்டியவன் நான்தான்.

மஃரிபை ஜமாஅத்தோடு பொன்னேரியிலேயே தொழுதோம். கடைசி வரிசையில் அவன் என் பக்கத்தில் நின்றான். பிறகு இருவரும் ஒரே பேருந்தில் வீடு திரும்பினோம். அல்ஹம்துலில்லாஹ்.