எழுத்து எங்கே போயிற்று?

வீட்டிலுள்ள பழம்பொருளொன்றை மாற்றும்போது, மாற்றுகிறவருக்கு உண்டாகும் உற்சாகம் அப்பொருளோடு பழகியவருக்கு உண்டாவதில்லை. எங்கள் வீட்டுக் கணினியின் கதையும் அப்படித்தான் ஆயிற்று.

என் கணவர் தபால் கந்தோரில் முப்பது வருடம் பிறருடைய கடிதங்களையே கையாண்டவர். இளைப்பாறிய பின்னர்தான் தம்முடைய கதையை எழுத உட்கார்ந்தார். தமிழ்த் தட்டச்சு அவருக்குக் கைவந்த கலை. பாமினி எழுத்துருவோ அத்தட்டச்சு முறையை ஒட்டியது. ஆகவே விரல்கள் தடையின்றி ஓடின. தாயாரைப் பற்றியும், வீட்டுப் பின்புறத்துப் பனங்கூடலைப் பற்றியும், இடம்பெயர்ந்த நாட்களைப் பற்றியுமாக நூற்றிருபது பக்கங்கள் சேர்ந்தன. 2018இல் புதுக் கணினி வாங்கியபோது முதற் காரியமாக அவற்றை அதிலே ஏற்றிவைத்தார். 2022இல் அவர் காலமான பின்பு, ஞாயிறுதோறும் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிப்பது எனக்கு வழக்கமாயிற்று.

அக்கணினியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழமையாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தன. விண்ணப்பித்துக்கொள்வோருக்கு மேலும் சிறிது அவகாசம் உண்டென்றாலும் என் பேரன் அதற்கு இசையவில்லை.

"அம்மம்மா, இனி இதிலை வங்கிக் கணக்குப் பார்க்கிறது புத்தியில்லை. பதினொன்றுக்கு மாத்துவம்" என்றான்.

2021இல் வெளிவந்த அந்தப் பதினொன்று, கண்ட கணினியெல்லாம் ஏறி அமர்கிற சாதியன்று. முதலிற் சாதகம் பார்க்கும். செயலி அதன் பட்டியலில் இருக்கவேண்டும், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதி வேண்டும். நினைவகம் 4 ஜிபிக்குக் குறையக்கூடாது. எங்கள் கணினியின் செயலி இன்டெல் எட்டாம் தலைமுறை. ஏறத்தாழக் கடைசிப் படியில் நின்று தப்பிற்று. டிபிஎம் உள்ளே இருந்தும் உறங்கிக் கிடந்தது. பேரன் அமைப்புகளுக்குள் நுழைந்து அதனை எழுப்பினான். பழைய வன்தட்டு மந்தமென்று கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, அதிலே இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவினான். ஆவணங்கள் யாவற்றையும் இரண்டு இடங்களிற் பிரதி செய்த பின்னரே பழைய தட்டை அழித்தான். பிள்ளை கவனமில்லாதவன் என்று ஒருவரும் சொல்லமுடியாது.

மாலையில் வந்து பார்த்தேன். இடப்பக்க மூலையில் இத்தனை காலம் அடக்கமாயிருந்த தொடக்கப் பொத்தான், கலியாண வீட்டு மாப்பிள்ளைபோல நடுவில் வந்து குந்தியிருந்தது. அது போகட்டும். அவருடைய கோப்பைத் திறந்தேன். ஒரு சொல்லும் தமிழில் இல்லை! 'அம்மா' என்று அவர் தொடங்கிய இடத்தில், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் நின்றன. நூற்றிருபது பக்கமும் அப்படியே. வாய்விட்டு அழுதுவிட்டேன்.

பேரன் முகம் கறுத்துப் போயிற்று. சிறிது நேரத்தின் பின் விளக்கினான். பாமினியில் எழுதும்போது கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையே. அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. கோப்புகளைக் காப்பாற்றியவன் முகத்தைக் காப்பாற்ற மறந்துவிட்டான். அவன் பிழையென்று எப்படிச் சொல்வது? அவன் தலைமுறை கைத்தொலைபேசியிலே ஒருங்குறியில் தமிழெழுதிப் பழகியது. அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனக்கேயுரிய எண் உண்டு. எக்கணினிக்குப் போனாலும் அது மாறாது. 1991இல் ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் நம் நாட்டு அச்சகங்கள் நெடுங்காலம் பாமினியையே கைக்கொண்டன. பலவற்றில் இன்றும் அதுதான்.

எழுத்துருவை முகந்தெரியாத இணையத்தளமொன்றிலிருந்து இறக்க, காலையிலே எனக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தவனுக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் கல்வெட்டை அடித்த அச்சகத்துக்குச் சைக்கிளில் ஓடினான். அவர்கள் பெயரைக் கேட்டதும் ஆளை நினைவுகூர்ந்து, பென்டிரைவில் பாமினியைப் போட்டுக்கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. எழுத்துருவை நிறுவிக் கோப்பைத் திறந்தான். 'அம்மா' வந்துவிட்டாள்.

இயங்குதளம் மாற்றும் எண்ணமுள்ளவர்கள், வீட்டில் பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், பழைய தட்டை அழிக்குமுன் எழுத்துருவையும் அவற்றோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.

அடுத்த முறையும் அச்சகத்துக்கு ஓடாதிருக்கும்பொருட்டு, பக்கங்களை இப்போது ஒருங்குறிக்கு மாற்றிவருகிறோம். மாற்றும் மென்பொருள் கெட்டிக்காரன்தான். ஆனால் இடையிடையே அவர் ஆங்கிலத்தில் எழுதிய சொற்களையும் பாமினியென்று எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடுகிறது. ஆகவே பழைய பக்கத்தை அருகில் வைத்து வரிவரியாய் ஒப்பிடவேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் என்னுடைய பங்கு.

நேற்று நாற்பத்தோராம் பக்கம். எங்கள் கலியாணம். தாலி கட்டும்போது வெளியே மழை கொட்டியதென்று எழுதியிருக்கிறார். அன்று ஒரு துளி மழையும் இல்லை. புழுக்கத்தில் என் கூறைச்சேலை நனைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"திருத்தட்டோ, அம்மம்மா?" என்றான் பேரன்.

"வேண்டாம், அடுத்த பக்கத்தை எடு" என்றேன்.