ஓசை மிகுந்த வரியும் ஓசையற்ற வரியும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள டெனசி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில், வானொலியால் பெயர்பெற்ற நகரம். 1925ஆம் ஆண்டில் அங்கிருந்த காப்புறுதிக் கம்பனியொன்று, தன் வாணிபம் பெருகும் பொருட்டு ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கிற்று. அந்நிலையம் சனிக்கிழமை இரவுதோறும் ஒலிபரப்பிய நாட்டுப்புற இசை நிகழ்ச்சியே பின்னர் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' எனப் புகழ்பெற்று, அந்நகருக்கு இசை நகர் என்ற பெயரை ஈட்டித் தந்தது. காப்புறுதி விற்பதற்கெனத் தோன்றிய பாட்டு காப்புறுதியை விஞ்சி நின்றமை வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று. அத்தகைய நகரிலே, 2001ஆம் ஆண்டு யூலை மாதத்தில், வானொலி பாட்டை விடுத்து வரியைப் பற்றிப் பேசியபோது சட்டமன்றமே நிலைகுலைந்தது. அந்நிகழ்ச்சியையும் அதன் பின்விளைவுகளையும் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஏனெனில் அதனைப் புகழ்வோரும் இகழ்வோரும் பெரும்பாலும் பாதிக் கதையுடனேயே நின்றுவிடுகின்றனர்.

டெனசி மக்கள் தம் கூலிக்கும் சம்பளத்துக்கும் மாநில வரி செலுத்துவோர் அல்லர். மத்திய அரசுக்குரிய வருமான வரி வேறு. அது நாடு முழுவதற்கும் பொது. மாநில அளவில் 1929ஆம் ஆண்டிலே பங்கிலாபத்தின் மீதும் வட்டியின் மீதும் மட்டும் ஒரு வரி விதிக்கப்பட்டது. 1931இல் எல்லா வகை வருமானத்தின் மீதும் வரி விதிக்க முற்பட்டபோது, அடுத்த ஆண்டிலேயே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளிவிட்டது. எனவே அரசு வேறு வாயிலைத் தேட வேண்டியதாயிற்று. 1947இல் ஆளுநர் ஜிம் மக்கோர்ட், பாடசாலைகளின் மேம்பாட்டை முன்னிட்டு 2 சதவீத விற்பனை வரியொன்றைக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டில் அவர் பதவியிழந்தமைக்கு அவ்வரியும் ஒரு காரணமாயிற்று. ஆளுநர் போனார்; வரி போகவில்லை. 2 சதவீதமாகப் புகுந்தது படிப்படியாக வளர்ந்து 1992இல் 6 சதவீதத்தை எட்டிற்று. புதிதாகத் திறக்கப்படும் வரிக்கதவு பின்னர் எக்காலத்தும் மூடப்படாது எனப் பழைமைவாதிகள் உரைப்பது வெறும் அச்சமன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று தேட வேண்டியதில்லை.

1999ஆம் ஆண்டில் அத்தகைய புதிய கதவைத் திறக்க முன்வந்தவர், வரி விதிப்பை வெறுக்கும் குடியரசுக் கட்சியிலிருந்தே ஆளுநரானவர் என்பது வியப்புக்குரியது. டொன் சன்குவிஸ்ற் என்பார் 1994இலும் 1998இலும் அப்பதவிக்குத் தெரிவானவர். அவருடைய இரண்டாவது பதவிக் காலத்தில் மாநிலத்தின் செலவு வரவை முந்தியது. 1994இல் தொடங்கப்பட்டு, வேறு மாநிலங்களில் இல்லாத அளவுக்கு வறியோரையும் காப்புறுதி பெற வழியற்றோரையும் அரவணைத்த 'டென்கெயர்' என்னும் மருத்துவக் காப்புத் திட்டம் பெருஞ் செலவை இழுத்தது. விற்பனை வரியோ பொருட்களின் மீதே பெரிதும் விழுந்தது. மக்களின் செலவு பொருட்களிலிருந்து சேவைகளின் பக்கம் சாயச் சாய, வரியின் அடித்தளம் ஒடுங்கலாயிற்று. ஆளுநர் கணக்கைப் பார்த்தார். கட்சியினர் கொள்கையைப் பார்த்தனர். இருவரும் ஒரே மேசையிலிருந்து இருவேறு ஏடுகளைப் படித்தனர் எனலாம். ஆளுநரின் முயற்சிக்குத் துணைநின்றோரிற் பலர் எதிர்க்கட்சியான சனநாயகக் கட்சியினராக அமைந்தனர்.

இவ்விடத்திலே வானொலியின் இயல்பைப் பற்றிச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. அமெரிக்காவில் 1949 முதல், சர்ச்சைக்குரிய பொது விடயங்களை ஒலிபரப்புவோர் இரு தரப்புக் கருத்துக்கும் இடமளித்தல் வேண்டும் என்றதொரு விதி நிலவியது. 1987இல் ஒலிபரப்பை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு அதனைக் கைவிட்டது. அதற்கு முன்னரே பண்பலை வரிசை இசையைத் தன்பால் ஈர்த்துக் கொண்டமையால், பழைய மத்திய அலை நிலையங்கள் நேயரைத் தேடி அலைந்தன. பேச்சு மலிவானது, பாடகருக்குக் கொடுக்கும் கூலி அதற்கில்லை. 1988இல் றஷ் லிம்போ என்பாரின் நிகழ்ச்சி நாடெங்கும் பரவிய பின், ஒவ்வொரு பட்டினத்திலும் அவரைப் போன்றதொரு குரல் எழலாயிற்று. லிம்போ வாஷிங்டனைச் சாடினார். உள்ளூர்க் குரல்களோ மாநிலச் சட்டமன்றத்தையும் நகர சபையையும் சாடின. உள்ளூர்க் குரல்களே வலிமை மிக்கவை என்பதைப் பலர் உணர்வதில்லை. வாஷிங்டன் தொலைவிலுள்ளது. மாநில உறுப்பினரோ நேயரின் பக்கத்துத் தெருவில் வாழ்பவர். அவருடைய தொலைபேசி எண்ணை அறிவிப்பாளர் இருமுறை படித்தால் மூன்றாம் முறைக்கு முன் மணி ஒலிக்கத் தொடங்கிவிடும். நியூ ஜேர்சி மாநிலத்தில் 1990இல் ஆளுநர் ஜிம் புளோரியோ 280 கோடி டொலர் வரி உயர்வை நிறைவேற்றியபோது, உள்ளூர் வானொலி நிலையமொன்றே எதிர்ப்பின் அரங்கமாயிற்று; 1993இல் அவர் தோல்வியுற்றார். அப்பாடத்தை ஏனைய மாநிலத்தவர் மறக்கவில்லை.

நாஷ்வில்லில் அப்போது வானொலி நிகழ்ச்சிகளை நடத்திய ஸ்ரீவ் கில், பில் வலன்ரைன் ஆகிய இருவரும் வருமான வரிக்கு எதிராக நெடுநாளாகவே குரலெழுப்பி வந்தனர். 2001 யூலை 12ஆம் நாள் செனற் சபையில் அவ்வரி வாக்கெடுப்புக்கு வரக்கூடுமெனத் தெரிந்ததும், சபை உறுப்பினரான மாஷா பிளக்பேர்ன் மின்னஞ்சல் மூலம் செய்தியை வெளியிட்டார். அறிவிப்பாளர் இருவரும் நேயரைச் சட்டமன்றத்துக்கு வருமாறு அழைத்தனர். அழைப்பு வேலை விட்டு வீடு திரும்புவோரை அவர்தம் ஊர்திகளிலேயே சென்றடைந்தது. ஊர்தியில் தனித்திருப்பவனிடம் வானொலி பேசும்போது அவன் ஓர் ஆளாகக் கேட்கிறான். ஆனால் அதே வேளையில் பல்லாயிரம் பேர் அவ்வாறே தனித்திருந்து கேட்கின்றனர் என்பதையும் அவன் அறிவான். செய்தித்தாள் தராத துணிவை அவ்வறிவு தருகிறது.

குன்றின் மீது கிரேக்கக் கோயில் போன்று விளங்கும் அச்சட்டமன்றக் கட்டடம் 1859இல் நிறைவுற்றது. அதனை அமைத்த வில்லியம் ஸ்ரிக்லாண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் உடல் அதன் சுவரினுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அன்று மாலை அக்குன்றைச் சுற்றிக் கார்களும் லொறிகளும் இடையறாது ஹோர்ன் ஒலித்தவண்ணம் வட்டமிட்டன. கூட்டம் கதவுகளை இடித்தது. சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. கலகத் தடுப்பு உடையணிந்த காவலர் வரவழைக்கப்பட்டனர். சபை அவ்வரியை வாக்கெடுப்புக்கு விடாமலே கலைந்தது. அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டம், புகையிலைக் கம்பனிகள் வழக்குத் தீர்வாக அளித்த பணத்தைக் கொண்டு சரிக்கட்டப்பட்டது. விதைநெல்லைக் குற்றிச் சமைத்தது போன்றதொரு செயல் அது.

கண்ணாடி உடைத்தோரைக் கண்டு முகஞ்சுளிப்பது எளிது. ஆனால் உடைத்தோர் சிலர், வந்தோர் பலர். அவர்களை அறிவிப்பாளர்கள் ஆட்டிவைத்த பாவைகள் எனக் கொள்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் கூறிய வாதங்கள் மூன்று வகையின. அரசு தன் செலவைக் குறைக்க முயலாமல் வரவைப் பெருக்க முயல்கிறது என்பது முதலாவது. மெம்பிஸ் நகரிலுள்ள எல்விஸ் பிரெஸ்லியின் இல்லத்தையும் ஸ்மோக்கி மலைகளையும் காண வரும் வெளியூரார் விற்பனை வரியில் ஒரு பங்கைச் சுமக்கின்றனர். வருமான வரியோ உள்ளூராரை மட்டுமே வருத்தும் என்பது இன்னொன்று. மூன்றாவதும் வலிமை மிக்கதுமான வாதம், மேலே கூறிய கதவு பற்றியது. இன்று 4 சதவீதம் என்பார், நாளை எத்தனை? மக்கோர்ட்டின் 2 சதவீதத்தை அறிந்தவர் அவ்வினாவைக் கேட்பது பேதைமையன்று. இவ்வாதங்களுக்கு ஆளுநர் தரப்பினர் நேரிய விடை கூறியதாகத் தெரியவில்லை. கணக்காளன் குடும்பத்தாருக்கு வரவு செலவை விளக்கும் பாங்கில் அவர்கள் பேசினர். குடும்பத்தார் கேட்டதோ நம்பிக்கை பற்றிய வினா.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 2002 மே மாதத்தில் பிரதிநிதிகள் சபையின் தலைவர் ஜிமி நைஃபே, வருமான வரி மசோதாவுக்கு வேண்டிய 50 வாக்குகளைத் திரட்டும் நோக்குடன் வாக்குப் பலகையை நெடுநேரம் திறந்து வைத்திருந்தார். 45க்கு மேல் ஏறவில்லை. யூலை முதலாம் நாள் புதிய நிதியாண்டு பிறந்தபோது வரவு செலவுத் திட்டமே இல்லை. அரசின் பல பணிகள் சில நாட்கள் நிறுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான ஊழியர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஈற்றில் சபைகள் ஒரு வழி கண்டன. விற்பனை வரி 6 சதவீதத்திலிருந்து 7 ஆயிற்று. உணவுப் பொருளுக்கு மட்டும் 6 சதவீதமே நிலைத்தது. வேறு சில வரிகளும் உயர்ந்தன. அம்மாநிலத்தின் வரலாற்றில் அதுவரை காணாத பெரிய வரி உயர்வு அதுவே. முந்திய ஆண்டிற் குன்றைச் சுற்றிய ஆரவாரத்தோடு ஒப்பிட, இவ்வரி ஏறத்தாழ அமைதியாகவே புகுந்தது.

இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவோர் வரி வசூலிக்கப்படும் முறையை நோக்குதல் வேண்டும். வருமான வரி ஆண்டுக்கொருமுறை ஒரே தொகையாகக் கண்முன் நிற்கும். அதற்கொரு படிவமுண்டு, ஒரு கடைசி நாளுண்டு, கோபிப்பதற்கு ஒரு வேளையுமுண்டு. விற்பனை வரியோ கடைச் சிட்டையின் அடியிலே சதங்களாக வந்து சதங்களாக மறையும். வாரத்துக்கு 100 டொலருக்கு உணவு வாங்கும் குடும்பம், 6 சதவீதப்படி வாரந்தோறும் 6 டொலரும் ஆண்டுக்கு 312 டொலரும் செலுத்தும். உள்ளூராட்சி மன்றத்தின் வரி அதற்கு மேல். அத்தொகையை ஒரே கடிதமாக அனுப்பியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். சம்பளத்தின் பெரும்பகுதியைப் பாணுக்கும் பாலுக்கும் செலவிடும் வறியவன் தன் வருமானத்தில் அதிக விழுக்காட்டைக் கொடுப்பான். மிச்சம் பிடிக்க வல்லவன் குறைவாகக் கொடுப்பான். கைவிடப்பட்ட வருமான வரித் திட்டங்களுள் உணவின் மீதான விற்பனை வரியை நீக்கக் கருதியனவும் இருந்தன. ஹோர்ன் ஒலித்த லொறி ஓட்டுநர்களுள் எத்தனை பேர் அம்மாற்றத்தால் நயமடைந்திருப்பர் என்று அவர்களுக்கு எடுத்துக் கூற எவரும் அன்று மாலை ஒலிவாங்கியின் முன் இல்லை. பேச்சு வானொலியின் குறை பொய் கூறுவதிலன்று. பாதி வினாவை மட்டும் கேட்பதிலேயே உள்ளது. 'வேண்டாம்' என்பதற்கு ஒரு நிமிடம் போதும். 'அப்படியாயின் எது?' என்பதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். இடையில் விளம்பரங்கள் வந்துவிடும்.

விலையை வேறு சிலரும் கொடுத்தனர். 2002ஆம் ஆண்டுத் தேர்தலில் வருமான வரியை எதிர்ப்பதாகக் கூறி வென்ற சனநாயகக் கட்சி ஆளுநர் பில் பிரெடிசன், 2005இல் டென்கெயர் திட்டத்திலிருந்து ஏறத்தாழ 170,000 பேரை நீக்கினார். திட்டம் தாங்கொணாததாயிற்று என்பது அவர் கூற்று; அதில் உண்மையும் இருந்தது. ஆனால் நீக்கப்பட்டோரைப் பொறுத்தவரை 2001 யூலையில் உடைந்தது வெறும் சன்னற் கண்ணாடியன்று.

பழைமைவாதிகள் தம் வெற்றியைச் சட்டத்திலும் பொறித்தனர். பிளக்பேர்ன் 2002இல் காங்கிரசுக்கும் 2018இல் அமெரிக்க செனற் சபைக்கும் தெரிவானார். வலன்ரைன் அக்கிளர்ச்சியைக் குறித்து 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். 2021இல் கொரோனா நோயால் மறைந்தார். 2014இல் நடந்த வாக்கெடுப்பில், மாநில வருமான வரியை அரசியலமைப்பாலேயே தடைசெய்வதற்கு மூன்றில் இரண்டு பங்களவான வாக்காளர் இசைந்தனர். 1929ஆம் ஆண்டின் பங்கிலாப வரியும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2021 தொடக்கத்தில் ஒழிந்தது. ஒருமுறை திறந்த கதவு மூடப்படாது என்ற வாதம் இங்கே பொய்த்ததை அதனை உரைத்தவரே கவனித்தாரில்லை, மூடியவர்களும் அவர்களே. உணவின் மீதான மாநில வரியும் அதே கட்சியின் ஆட்சியில் 2017இல் 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது என்பதைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. 2023இல் ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை மூன்று மாதங்களுக்கு அவ்வரி முற்றாகவே தள்ளுபடி செய்யப்பட்டது. நவம்பரில் மீண்டது. எல்லைக்கு அப்பாலுள்ள கென்ரக்கி மாநிலத்தில் வீட்டுச் சமையலுக்கு வாங்கும் உணவுக்கு விற்பனை வரியே இல்லை. அங்கே வருமான வரியுண்டு.

2024 நவம்பரில் நாஷ்வில் மக்கள் இன்னொரு வரியைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பேருந்துச் சேவை, நடைபாதை, சமிக்ஞை விளக்கு ஆகியவற்றுக்கு அரைச் சதவீதம் கூட்ட வேண்டுமென்று நகராட்சி கேட்டது. வானொலிகள் பேசின, குன்றைச் சுற்றி ஊர்வலமில்லை. பெரும்பான்மையோர் வாக்குச் சாவடிக்குச் சென்று இசைவு தெரிவித்தனர். நகராட்சி கேட்டதும் விற்பனை வரியையே. வருமானத்தின் மீது கைவைக்கும் வழி 2014இலேயே அடைபட்டிருந்தது. 2025 பெப்ரவரி முதல் அந்நகரில் பொருட்களின் மீதான மொத்த விற்பனை வரி 9.75 சதவீதமாயிற்று. மாநிலத்தின் 7, நகரத்தின் 2.75.