எந்தக் குரூப்பில் சேர்ப்பது?

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாளிலிருந்து எங்கள் ஐவரின் கைப்பேசிகளும் ஓயா. அழைப்பவர்களுள் பெரும்பாலோர் எங்களை எதற்காகவும் அதற்கு முன் அழைத்தவர்களல்லர். கேள்வி மட்டும் எப்போதும் ஒன்றுதான். "பையனை எந்தக் குரூப்புல சேர்த்தறதுங்க?"

காவிரிக் கரையில் தறிச் சத்தம் ஓயாத சிற்றூர் எங்களுடையது. ஞாயிறுதோறும் கிளை நூலகத்தின் வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு மேசையைப் போட்டு, ஒரு சிறுகதையையோ நாவலையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். எங்களுள் இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் மருந்தாளுநர். ஒருவர் நூல் கடையில் கணக்கெழுதுபவர். இன்னொருவர் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற கௌரவ விரிவுரையாளர். 2009 ஆம் ஆண்டு, ஏதோ ஒரு கதையின் முடிவைப் பற்றி உரத்த குரலில் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, விசைத்தறி ஓட்டும் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். படித்தவர்கள் கூடியிருக்கிறார்கள், இவர்களுக்குத் தெரியாமலா போகும் என்று எண்ணியிருப்பார்போலும். மகளின் மதிப்பெண் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நுழைவுத் தேர்வு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குக் குழப்பம். பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007 இல் நீக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்தும் அச்செய்தி அவருடைய தறிக்கூடத்தை எட்டவில்லை. அன்று அக்கதையை அப்படியே விட்டுவிட்டோம். இன்றுவரை அதை முடிக்கவில்லை.

மேல்நிலைக் கல்வி 1978 இல் தமிழகப் பள்ளிகளுக்குள் வந்தது. அதற்கு முன் புகுமுக வகுப்பு என்ற பெயரில் கல்லூரிக்குள் நடந்த தேர்வு, பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் பள்ளியிலேயே இறங்கியது. அன்று தொடங்கி 'முதல் குரூப்' என்ற சொல் ஊரில் ஒரு தகுதிப் பெயராகிவிட்டது. எண்கள் பள்ளிக்குப் பள்ளி மாறுபடலாம். ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்தது எங்கும் முதல்தான். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் ஒரு படி இறக்கம். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் அடுத்தது. வரலாறு, பொருளியல், சிறப்புத் தமிழ் உள்ள கலைப் பிரிவைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தொழிற்கல்விப் பிரிவைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். பாடங்களை இப்படி மேல் கீழாக அடுக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை நாங்கள் சொல்லித்தான் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. போக்குவரத்து ஒருவழிப் பாதை. கணிதம் படித்தவர் பிறகு பி.ஏ. வரலாற்றில் சேரலாம், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம், பட்டயக் கணக்காளர் தேர்வின் முதற்கட்டத்தை எழுதலாம். வரலாறு படித்தவர் பொறியியலுக்குத் திரும்ப முடியாது. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. செவிலியர் படிப்புக்கு உயிரியல் வேண்டும். ஆகவே, எதுவும் முடிவாகாத பிள்ளைக்கு முதல் குரூப் எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கும் என்ற வாதத்தைப் பல ஆண்டுகள் நாங்களும் சொல்லிவந்தோம்.

அந்தக் கதவுகளுக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை நாங்கள் சொல்லாமல் விட்டோம். கணிதத்தில் தடுமாறும் பிள்ளை அப்பிரிவில் சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறினால், பொறியியற் கதவும் சரியாகத் திறக்காது, நல்ல கலைக் கல்லூரியின் கதவும் மூடிக்கொள்ளும். அதே பிள்ளை வணிகவியலோடு வணிகக் கணிதத்தை எடுத்திருந்தால் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்திருக்கும். வணிகக் கணிதத்தைப் பற்றி எங்கள் ஊரில் பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. கணக்கெழுதும் நண்பர்தான் ஒவ்வோர் ஆண்டும் பொறுமையாக விளக்குவார்.

நாமக்கல் வட்டாரம் எங்களுக்கு எட்டிய தொலைவு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் உருவேற்றும் விடுதிப் பள்ளிகள் ஒரு காலத்தில் அங்கே கொடிகட்டிப் பறந்தன. அவற்றை 'பிராய்லர் பள்ளிகள்' என்று ஊரே அழைத்தது. கேலியாக அழைத்தவர்களே வரிசையில் நின்று பணம் கட்டினார்கள். அந்தப் போக்கைத் தடுக்கவே 2017-18 இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி அது 2025-26 முதல் கைவிடப்பட்டது. பிள்ளைகள் மூச்சுவிட்டார்கள். பழைய வழக்கம் திரும்புமோ என்று எங்களுள் ஆசிரியர்களாக இருப்பவர்கள் அஞ்சுகிறார்கள்.

நாங்கள் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி.

2016 மே மாதம் ஒரு தாய் தன் மகளை அழைத்துவந்தார். தறிக்கூடத்தில் தார் போடும் வேலை அவருக்கு. மகளை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நூலகத்தில் எங்கள் மேசைக்குச் சற்றுத் தள்ளி, படிக்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். சிறுவர் நூல்களை முடித்துவிட்டு நாவல்களுக்கு வந்திருந்தாள். நாங்கள் சண்டையிடும்போது சில நேரம் அவள் தலை நிமிர்வதைக் கண்டிருக்கிறோம். 500 க்கு 468 வாங்கியிருந்தாள். என்ன படிக்க ஆசை என்று கேட்டோம். பெண்கள் பள்ளியில் சிறப்புத் தமிழ் உள்ள கலைப் பிரிவு இருக்கிறது, அதில் சேரலாமா என்று தாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். எங்களைப் பார்த்து அவள் கேட்கவில்லை என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம், முதல் குரூப் என்று. "இலக்கியத்தை எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம் கண்ணு. கணக்கை அப்புறம் படிக்க முடியாது" என்றார் ஆசிரிய நண்பர். அந்தச் சொற்கள் எங்களுக்கே மிகவும் பிடித்துப் போயின, அடுத்து வந்த பலரிடமும் சொன்னோம். எல்லாரையும்விட அழுத்தமாகப் பேசியவர் தமிழ் முனைவர். ஒன்பது ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர், நிரந்தரப் பணியில்லை, கோடை விடுமுறையில் சம்பளமும் இல்லை. "என்னைப் பாருங்க அம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எவரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாய் கைகூப்பினார். "நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அப்படியே சேர்த்துப் போடறனுங்க" என்றார். எழுதிக் கொடுத்தோம்.

அறிவுரை பொய்க்கவில்லை. 1200 மதிப்பெண் முறையில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய கடைசி அணியில் அவளும் இருந்தாள். நல்ல கட்-ஆஃப் வந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்ததால் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. 2022 இல் படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. ஓட்டுவீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுச் சுவர் எழுப்பித் தார்சு போட்டார்கள். தாய் தார் போடுவதை நிறுத்தினார். வழியில் காணும்போதெல்லாம் நின்று, எங்களால்தான் என்று சொல்வார். நாங்களும் மறுத்ததில்லை. அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு நூலகத்துக்கு வந்ததே இல்லை என்பதை எங்களுள் ஒருவரும் கவனிக்கவில்லை.

2023 மே மாதம் தம்பியை அழைத்துக்கொண்டு அவளே வந்தாள். தம்பியின் காரியம் பத்து நிமிடத்தில் முடிந்தது. 312 மதிப்பெண், தறியைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரன். சேலத்தில் இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது, பாலிடெக்னிக்கும் இருக்கிறது, பட்டயம் முடித்துப் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு என்று சொன்னோம். பையனின் முகம் தெளிந்தது. எழுந்துகொள்வார்கள் என்று நினைத்தோம். அவள் எழவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள். "அன்னிக்கு நான் எங்கம்மாகிட்ட அஞ்சு மாசமா சொல்லீட்டுத்தான் இருந்தேன். அம்மா ஒத்துக்கவே இல்லை. சரி, அந்த சாருங்க எல்லாம் புக்குப் படிக்கறவங்க, அவங்க சொன்னா நீ கேப்பியான்னு கேட்டேன். கேக்கறேன்னாங்க. அதனாலதான் உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன்."

அவளைத் தாய் அழைத்துவந்ததாக ஏழு ஆண்டுகள் நாங்கள் எண்ணியிருந்தோம்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டோம். பரவாயில்லை என்றாள், சம்பளம் நல்ல சம்பளம் என்றாள். வீடு கட்டியது அதில்தான், நீங்கள் சொன்னது தப்பென்று நான் சொல்லவில்லை என்றும் சொன்னாள். "ஆனா நீங்ககூட அப்படித்தான் சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கலீங்க." தம்பி கீழே பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ் முனைவர் எழுந்து நூலகத்துக்குள் போய்விட்டார்.

அன்று மாலை எங்களுக்குள் நடந்த பேச்சு இனிமையானதன்று. ஒரு குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறோம், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றார் மருந்தாளுநர். அவர் சொன்னதில் பிழையில்லை. வாரந்தோறும் இலக்கியம் இல்லாமல் வாழ்க்கையில்லை என்று பேசுகிற நாம், ஒரு பிள்ளை அதை நம்பி வந்தபோது அது ஓய்வுநேரப் பண்டம் என்று சொல்லி அனுப்பினோமே என்றார் இன்னொருவர். அதுவும் பிழையில்லை. முனைவர் நெடுநேரம் கழித்துப் பேசினார். "நான் அவளுக்கு அறிவுரை சொல்லலை. என் இருபது வயசுக்குச் சொன்னேன்." அவருக்கு இன்னும் நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. ஆனால் வகுப்பறையில் இருக்கும் நேரத்தை வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்பதையும் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். 2016 இல் அந்தத் தாயிடம் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். அந்த ஒரு தாளுக்கு அவ்வளவு எடை இருந்திருக்கிறது என்பது எங்களுக்கு அச்சத்தைத் தந்தது. இப்போது மதிப்பெண் பட்டியலைக் கடைசியில்தான் வாங்கிப் பார்க்கிறோம். முதலில் பெற்றோரைத் தேநீர்க் கடைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு அரைமணி நேரம் பேசுகிறோம். யாரும் சொல்லாமல் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவாய், எந்த வகுப்பில் மணி அடித்தது தெரியாது, பேருந்தில் எவ்வளவு தூரம் போக விடுவார்கள் என்று கேட்கிறோம். கடைசிக் கேள்விதான் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கிறது. கலைப் பிரிவு எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் இல்லை. இருக்கும் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டுமென்றால், பக்கத்துப் பள்ளியில் எது இருக்கிறதோ அதுவே அவளுடைய விருப்பமாக மாறிவிடுகிறது. பிறகு பெற்றோரை உட்காரவைத்து, எது எங்கே இட்டுச்செல்லும், எது எங்கே இட்டுச்செல்லாது என்பதை மட்டும் சொல்கிறோம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 இல் வந்தது. பி.ஏ. படித்தாலும் அப்பணம் உண்டு என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது.

எங்கள் ஐவரின் கருத்து ஒன்றாக இல்லையென்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுகிறோம். சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு முடிவாச் சொல்லுங்க சார்" என்று சலித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. ஒருவர், இதற்குக் கம்ப்யூட்டர் சென்டர்காரனிடமே கேட்டிருக்கலாம் என்றார். கேட்டும் இருப்பார்.

2025 மே மாதம் வந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி மட்டும் சிறப்புத் தமிழ் கேட்டாள். அவள் தந்தை வேண்டவே வேண்டாம் என்றார். முனைவர் தம் சம்பளத்தைச் சொன்னார். கோடையில் அது நின்றுபோவதையும் சொன்னார். பின்னர் அதை ஏன் இன்னும் விடாமல் இருக்கிறார் என்பதையும் சொன்னார். வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகத் தந்தை போனார். கடைசியில் அவள் வணிகவியலில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைக்கு வருகிறாள். அதிகம் பேசுவதில்லை.

வரும் மே மாதத்திலும் காலை பத்து மணிக்கு மேசை போடுவோம். மதிப்பெண் பட்டியலின் நகல் போதும். பிள்ளை கட்டாயம் கூட வர வேண்டும்.