அட்ரஸ் மாறுது மச்சி!

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, "என்னடா ப்ராஜெக்ட்?" என்பதுதான் நண்பர்களின் முதல் கேள்வி. ஒருத்தன் ஏ.ஐ. என்பான், இன்னொருத்தன் டேட்டா சயின்ஸ் என்பான். நான் மட்டும், "பழைய அட்ரஸைத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்பேன். போஸ்ட்மேன் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்!

விஷயம் இதுதான். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த க்ளவுடிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. 'சில பிரைவேட் நெட்வொர்க் முகவரிகள் இந்தத் தேதியோடு ஓய்வு பெறுகின்றன. உங்கள் க்ளஸ்டர்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்.' அவ்வளவுதான்.

பிரைவேட் முகவரி என்பது ஹாஸ்டல் ரூம் நம்பர் மாதிரி. பத்தாம் நம்பர் ரூம் எல்லா ஹாஸ்டலிலும் உண்டு. உள்ளே இருப்பவனுக்கு அது போதும். வெளியிலிருந்து 'ரூம் நம்பர் 10' என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் போய்ச் சேராது. இதற்கென்றே மூன்று தொகுதி எண்களை 1996-ல் ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் ஒதுக்கியது. உங்கள் வீட்டு வைஃபையில் பார்க்கும் 192.168 அதில் ஒன்று. 10-ல் தொடங்கும் தொகுதியில் மட்டும் 1,67,77,216 முகவரிகள்!

அடுத்து கன்டெய்னர். ஒரு புரோகிராமை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிய மூட்டை. இப்படி நூற்றுக்கணக்கான மூட்டைகளை மேய்ப்பது குபர்நெட்டீஸ். 2014-ல் கூகுள் வெளியிட்டது. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று அர்த்தம். நம்ம தமிழில் மீகாமன்! இதில் ஒரு பாட் செத்தால் வேறொன்று பிறக்கும், புது முகவரியோடு. அதனால் இங்கே எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

"அப்புறம் என்ன கவலை? பேர் மாறலையே" என்று கேட்கிறீர்களா? ஃபயர்வாலுக்குப் பெரும்பாலும் பெயர் புரியாது, நம்பர்தான் புரியும். க்ளஸ்டருக்கு வெளியே இருக்கும் முகவரிகளைப் பொறுத்தவரை குபர்நெட்டீஸின் நெட்வொர்க் பாலிசியும் அப்படித்தான். போதாததற்கு, அவசரத்தில் யாராவது கான்ஃபிக் ஃபைலில் நம்பரையே எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

இதைவிட மோசம், முகவரி ஓய்வு பெறும் நாளில் ஒன்றுமே நடக்காமல் போகலாம்! கன்டெய்னர் இமேஜ் ஏற்கெனவே மெஷினில் இருப்பதால் எல்லாம் பச்சை விளக்கு. சில வாரம் கழித்து ஒரு மெஷின் படுக்கும். புது மெஷின் இமேஜை இறக்கப் போகும். புது முகவரிக்கு ஃபயர்வாலில் அனுமதி இருக்காது. அப்போதுதான் 'இமேஜ் புல் பேக்ஆஃப்' என்று அலறும்.

எங்கள் வாடிக்கையாளர் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புபவர். சிஸ்டம் நின்றால் ஏதோ ஒரு ஊரில் ஒரு பாட்டிக்கு இன்சுலின் லேட். அதனால்தான் எனக்கு இது வெறும் நம்பர் விளையாட்டாகத் தோன்றவில்லை.

முதலில் கோட், கான்ஃபிக், ஃபயர்வால் என எல்லா இடத்திலும் பழைய நம்பரைத் தேடினோம். பிறகு பழையது, புதியது இரண்டுக்கும் அனுமதி கொடுத்தோம். டெஸ்ட் க்ளஸ்டரில் ஒரு மெஷினைக் காலி செய்து, புதுசாக ஒன்றை ஏற்றி, இமேஜ் இறங்குகிறதா என்று பார்த்தோம்.

ஒரே ஒரு வரி மட்டும் மிச்சம். வெறும் நம்பர், குறிப்பு கிடையாது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் லாக் பார்த்தோம், அந்தப் பக்கம் ஈ காக்கா இல்லை. "தூக்கிடலாமாண்ணே?" என்றேன். டீம் லீடர் சிரித்தார். "மாசம் முடியட்டும் தம்பி."

ஒன்றாம் தேதி விடியற்காலை, ஒரே ஒரு தடவை, அந்த முகவரிக்கு ஒரு அழைப்பு போனது. மாதாந்திர ஸ்டாக் கணக்கு! அதையும் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டோம்.

தேதி கடந்ததும் பழைய அனுமதிகளை அழித்தோம். விட்டுவைத்தால், நாளை அந்த நம்பர் வேறு யாருக்காவது போகும்போது நம் கதவு அவருக்குத் திறந்திருக்கும்.

ஃபைனல் இயர் நண்பர்களே, மினிகியூப் இலவசம், உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். ப்ராஜெக்டில் நம்பருக்குப் பதில் பெயரை எழுதிப் பழகுங்கள். நம்பர்தான் எழுத வேண்டும் என்றால், ஏன், எப்போது என்று பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். நாளைக்கு அந்த ஃபைலைத் திறக்கப்போகும் யாரோ ஒரு ஜூனியர், முகம் தெரியாத உங்களுக்கு மனசுக்குள் ஒரு தேங்க்ஸ் சொல்வான்!